இடைவெளி விட்ட வேன்

வேன் ஓட்டுவது ஒரு தொழில் என்றால், கடலோரத்தில் பழைய வேனை வைத்துக்கொண்டு ஓட்டுவது முழுநேர வைத்தியம். பழைய வண்டி வைத்திருக்கும் என் இனத்தாரே, உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நீங்களும் யாரும் பார்க்காத நேரத்தில் வண்டியின் கதவுக்கு அடியில் விரலை வைத்து அழுத்திப் பார்த்திருப்பீர்கள். விரல் உள்ளே போயிருக்கும். யாரிடமும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள்.

என் பெயர் காதர். மாமல்லபுரத்துக்கு வடக்கே, ஈ.சி.ஆரிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒரு தெருவில் வீடு. காலையில் வழிநெடுக எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கோவளம், கேளம்பாக்கம் வழியாகப் போய், நாவலூரில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் ஆபீஸில் இறக்கிவிடுவேன். அங்கே தரையும் கண்ணாடியும் துடைக்கிற வேலை அவர்களுக்கு. சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவேன். ஆறு வருஷமாக இதே வண்டி, இதே வழி. வண்டியைச் சுத்தமாக வைத்திருப்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. காலைத் தொழுகை முடிந்ததும் பக்கெட்டும் துணியுமாக வாசலில் இறங்கிவிடுவேன். ஒரு நாள் விட்டதில்லை. மழை பெய்கிற நாளிலும் கழுவியிருக்கிறேன்.

இந்த வருஷம் எஃப்.சி.க்கு மூன்று வாரம் இருந்தது. அதாவது, வண்டியைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று கையெழுத்து வாங்க வேண்டும். அதில் தோற்றால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் வேறு வேன் தயாராக இருக்கிறது என்று ஆபீஸ் சூப்பர்வைசர் முன்பே சொல்லிவிட்டார். ஆனால் அந்த வேன் கேளம்பாக்கத்திலிருந்துதான் கிளம்பும். கடலோரத்திலிருந்து வருகிற என் எட்டுப் பேரும் விடிவதற்குள் புறப்பட்டு இரண்டு பஸ் மாறி அதைப் பிடிக்க வேண்டும்.

ஸ்டிக்கர்

எஃப்.சி.க்குப் போகும் முன் கண்ட ஸ்டிக்கரையும் உரித்துவிட வேண்டும். என் வேனின் பின்கதவில் ‘இடைவெளி விடவும்’ என்று பெரிய மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. நாவலூர் ஆபீஸ் வாசலில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தபோது, சும்மா நிற்கிறோமே என்று அதன் ஓரத்தை நகத்தால் நெம்பி இழுத்தேன். கொஞ்சம் முரண்டு பிடித்தது. பலமாக இழுத்தேன். வந்துவிட்டது. ஸ்டிக்கரோடு கதவும் வந்துவிட்டது.

முழுக் கதவும் இல்லை, ஸ்டிக்கர் அளவுக்குத் தகரம். முன்னால் பசை, பின்னால் பெயின்ட், நடுவில் பழுப்புத் தூள். இத்தனை நாளும் அந்த இடத்தில் கதவாக இருந்தது ஸ்டிக்கர்தான் போலிருக்கிறது. ஓட்டை வழியாக உள்ளே பார்த்தேன். கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி அக்கா உள்ளேயிருந்து என்னைப் பார்த்தார். எட்டுப் பேரில் மூத்தவர், வாய்க்குப் பூட்டுப் போடாதவர். என் கையிலிருந்த ஸ்டிக்கரை நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சொன்னார்:

“இன்னா பாய், எழுதி வெச்ச மாரியே இடைவெளி வுட்டுட்ச்சே!”

ஐ.டி. கார்டு

ஒரு ஓட்டை தெரிந்துவிட்டால் மற்றவை தாமே முன்வந்து தங்களை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. கடைசி சீட்டுக்குக் கீழே தரையில் ஒன்று இருப்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். அதன்மேல் ரப்பர் மேட் போட்டிருந்தேன். மேட் நகர்ந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் கேளம்பாக்கம் சிக்னல் தாண்டியதும் கஸ்தூரி அக்கா “நிறுத்து நிறுத்து” என்று கத்தினார். அவருடைய ஐ.டி. கார்டு கழுத்துக் கயிற்றிலிருந்து கழன்று, நேராக அந்த ஓட்டைக்குள் விழுந்து, ரோட்டில் போய்விட்டது. வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்ப ஓடினேன். அதற்குள் இரண்டு ஷேர் ஆட்டோ அதன்மேல் ஏறி இறங்கியிருந்தன. போட்டோவில் அக்காவின் நெற்றியிலிருந்து தாடை வரை டயர் தடம். ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி அதையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து உள்ளே விடுவதற்குள் நேரமாகிவிட்டது. மற்ற ஏழு பேரும் அவரை விட்டுப் போகாமல் நின்றதால் எட்டுப் பேருக்கும் அரை நாள் லீவு எழுதிவிட்டார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாயங்காலம் ஏறும்போது சாதாரணமாகத்தான் சொன்னார்:

“மத்தவங்க வேன்ல ஜன்னல் வழியா ரோட்டப் பாப்பாங்க. நான் ஒருத்திதான் காலுக்குக் கீழயே பாத்துகினு வரேன்.”

விரலால் ஒரு தட்டு

அன்றே கேளம்பாக்கத்தில் டிங்கரிங் ஷாப் வைத்திருக்கும் மணி அண்ணனிடம் வண்டியைக் காட்டினேன். முப்பது வருஷமாகத் தகரத்தைத் தட்டித் தட்டி, அவருக்குக் காது பாதிதான் கேட்கும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டே, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி வண்டியை விரலால் தட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். சில இடத்தில் ‘டண்’ என்றது. பல இடத்தில் ‘பொத்’ என்றது. பதினைந்து நாள் வண்டி இங்கே நிற்க வேண்டும் என்றார்.

பதினைந்து நாள் நின்றால் எஃப்.சி.யில் ஜெயித்து என்ன, தோற்று என்ன? அதற்குள் சூப்பர்வைசர் வேறு வேனைக் கூப்பிட்டுவிடுவார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே நானே செய்துகொள்கிறேன், போனில் வீடியோ பார்த்திருக்கிறேன் என்றேன். மணி அண்ணன் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“செய் பாய், தாராளமா செய். செஞ்சி முட்ச்சிட்டு எட்துகினு வா. துருவையும் நீ செஞ்சதையும் சேத்து சரி பண்ணித் தரேன்.”

பெரிய நம்பர்

துருவைத் தேய்த்து எடுக்க உப்புத்தாள் வேண்டும். ஹார்டுவேர் கடைக்காரர் “எந்த நம்பர்?” என்று கேட்டார். உப்புத்தாளுக்கு நம்பர் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தெரியாத மாதிரிக் காட்டிக்கொள்ள மனம் வரவில்லை. துரு பெரிசு, நம்பரும் பெரிசாக இருக்கட்டும் என்று “இருக்கறதுலயே பெரிய நம்பராக் குடுங்க” என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஆயிரம் நம்பர் தாளில் ஒரு டஜன் கொடுத்தார். தடவிப் பார்த்தால் பட்டு மாதிரி இருந்தது. உயர்ந்த சரக்கு என்று சந்தோஷமாக வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி ஷமீமின் பழைய துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு, கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். லுஹர் தொழுகைக்கு ஒரு இடைவேளை, சாப்பாட்டுக்கு ஒன்று. சாயங்காலம் அசர் வரை தேய்த்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது. துரு போகவில்லை. ஆனால் பளபளவென்று ஆகிவிட்டது. குனிந்து பார்த்தால் அதில் என் முகம் தெரிந்தது. நம்பர் பெரிதாகப் பெரிதாகத் தாள் மிருதுவாகும், கடைசியில் மெருகேற்றத்தான் ஆயிரம் என்பதை வீடியோக்காரர் இரண்டாம் பாகத்தில்தான் சொல்கிறார். நான் முதல் பாகத்தோடு எழுந்துவிட்டவன். டீயோடு வந்த ஷமீம் சுற்றிப் பார்த்துவிட்டு, டம்ளரை என் கையில் கொடுத்தாள்.

“நல்லாதாங்க கீது. துருவுக்கு ஃபேசியல் பண்ணி வுட்டுட்டீங்க.”

கல்லு மிஷின்

இரண்டாவது ஞாயிறு. எதிர்வீட்டுப் பழனி சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறவர். நான் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், கல் யானைக்குக் காது செதுக்குகிற கிரைண்டரை எடுத்து வந்தார். “நவுரு பாய், அஞ்சு நிமிஷம்” என்று ஸ்விட்சைப் போட்டார். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. பின்கதவின் அடியில் இருந்த இன்னொரு ஓட்டையில் ஆரம்பித்தார். துரு பறந்தது. துருவுக்கு அடியில் இன்னும் துரு. அதுவும் பறந்தது. கை அளவு இருந்த ஓட்டை தட்டு அளவு ஆயிற்று. நல்ல தகரம் வரும், வரும் என்று அவரும் ஓட்டினார், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். தாம்பாளம் அளவு ஆனதும் மிஷினை நிறுத்தினார். இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“கல்லுல வேண்டாதத எடுத்துகினே போனா உள்ள சாமி கீது, பாய். இதுல எடுக்க எடுக்க உள்ள ஒண்ணியும் காணோமே!”

பட்டி

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து என் மச்சான்மார்களிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

ஓட்டையை அடைக்கப் பட்டி பார்க்க வேண்டும். மணி அண்ணன் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வந்தது, வீடியோக்காரர் வாயிலிருந்தும் வந்தது. பட்டி என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். போன ரம்ஜானுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பெயின்டரும் “சொவத்துக்குப் பட்டி பாக்கணும்” என்றுதான் சொன்னார். மூட்டை வாங்கிப் பாதி மீந்து பரணில் இருந்தது. இறக்கினேன். கலக்கத் தண்ணீர் எடுக்கப் போனால், ஷமீம் குடிக்கிற கேனைத் தொடக் கூடாது என்றாள். சரி என்று போர் தண்ணீரில் கலந்தேன். எங்கள் தெருப் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. சுவருக்கும் வேனுக்கும் போதாதா?

ஓட்டைகளுக்குக் கொசுவலைத் துண்டுகளை வைத்து, அதன்மேல் மொழுமொழுவென்று பூசினேன். காய்ந்ததும் வெள்ளைப் பெயின்ட் அடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், புது வண்டி. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து மணி அண்ணனுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டார். அது பாராட்டா கேலியா என்று ராத்திரி தூங்கும் வரை யோசித்தேன்.

திங்கட்கிழமை காலை கோவளம் வரை ஒன்றும் ஆகவில்லை. அங்கே ஒரு ஸ்பீடு பிரேக்கரில் பின்னால் ‘தொப்’ என்றது. பெண்களின் டிபன் பை என்று நினைத்தேன். அடுத்த ஸ்பீடு பிரேக்கரில் இரண்டு ‘தொப்’. நாவலூர் நெருங்கும்போது ஒருவர் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். பைக்கில் பெயின்ட் வாளி, ரோலர், ஏணி. வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர். ஒரு கையில் வெள்ளையாக ஒரு கட்டியைத் தூக்கிக் காட்டினார். விரலால் நசுக்கியும் பார்த்திருப்பார் போலிருக்கிறது, தொழில்காரர் அல்லவா.

“அண்ணாத்த, உன் வூட்டு சொவரு வழியெல்லாம் வுழுந்துகினே வருது!”

ஒரு வார்த்தை, இரண்டு பட்டி

மணி அண்ணன் முன்னால் போய் நின்றேன். எஃப்.சி. அடுத்த வாரம் புதன்கிழமை. பெருமையெல்லாம் ரோட்டில் கட்டி கட்டியாக விழுந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது? நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கேட்காத காதையும் என் பக்கம் திருப்பிக் கேட்டார். கொசுவலை என்றதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் சிரித்து முடிக்க ஒரு டீ ஆறிப்போகும் நேரம் ஆயிற்று. சிரித்த பிறகு இளகிவிட்டார். சனிக்கிழமை காலை பெண்களை இறக்கிவிட்டு நேரே கொண்டு வந்தால், சாயங்காலம் ஏற்றப் போவதற்குள் ஓட்டைகளுக்கெல்லாம் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன், மற்றது உன் பாடு என்றார். எண்பது நம்பர் உப்புத்தாள் ஒரு கட்டு கொடுத்தார். தகரத்துக்கான பட்டி டப்பாவையும், அதில் சொட்டுக் கலக்கிற சிவப்புப் பசையையும் கொடுத்தார். கலந்தால் பத்து நிமிஷத்தில் கல்லாகிவிடுமாம். கிளம்பும்போது டப்பாவைத் திரும்ப வாங்கி, அதன்மேல் பேனாவால் ‘வண்டி’ என்று எழுதிக் கொடுத்தார்.

“மிச்சம் வந்தா வூட்டு சொவத்துல பூசிடாத, பாய்.”

தேய்க்கிறவர்கள்

சனிக்கிழமை வெல்டிங் ஆனது. பாக்கி இருந்தது ஒரே ஒரு ஞாயிறு. வண்டியின் இரண்டு பக்கமும் அடிப்பாகம் முழுக்கத் தேய்த்து, பட்டி போட்டு, அதையும் தேய்த்து, துரு வராமல் தடுக்கிற ரெட் ஆக்ஸைடு அடிக்க வேண்டும். ஒரு ஆளால் ஒரு நாளில் முடியாது என்று மத்தியானத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பக்கத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டுச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது. தூசி என்று ஷமீமிடம் சொன்னேன்.

அப்போது தெருமுனையில் ஷேர் ஆட்டோ நின்றது. கஸ்தூரி அக்காவும் இன்னும் ஐந்து பேரும் இறங்கினார்கள். சனிக்கிழமை வண்டியில் நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவர்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. வாரத்தில் ஆறு நாள் துடைக்கிற கைகள், கிடைக்கிற ஒரு ஞாயிறும் என் வண்டிக்கா? வேண்டாம் அக்கா, இது என் வண்டி, என் பாடு என்றேன். அவர் என்னை நகர்த்திவிட்டுத் தாளை எடுத்து இரண்டாக மடித்து, கட்டைவிரலுக்குக் கீழே வைத்து, ஒரே சீராகத் தேய்க்க ஆரம்பித்தார். அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஷமீம் அரிசி களைந்தாள், பிரியாணி ஆகி வருவதற்குள் வண்டியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. கை கழுவும்போதுதான் கஸ்தூரி அக்கா எனக்குப் பதில் சொன்னார்:

“உன் வண்டியா? ஆறு வருசமா குந்திகினு வரது நாங்க. நீ முன்னாடி குந்தி ஓட்டறதோட சரி.”

செங்கல்பட்டு

அந்த ஞாயிறு இருட்டுவதற்குள் பட்டியும் ரெட் ஆக்ஸைடும் ஆகிவிட, செவ்வாய்க்கிழமைக்குள் வெள்ளை அடித்து முடித்தேன். புதன்கிழமை பெண்களை இறக்கிவிட்டு, திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுக்கு ஓட்டினேன். ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றிலும் காது பின்பக்கமே இருந்தது. ஒரு ‘தொப்’கூட இல்லை. வரிசையில் என் முறை வந்தது. இன்ஸ்பெக்டர் லைட்டைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், பிறகு குனிந்து வண்டியைச் சாவியால் தட்டிக்கொண்டே சுற்றினார். எல்லா இடத்திலும் ‘டண்’. அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, “நல்லா செஞ்சிருக்கு” என்று கையெழுத்துப் போட்டார்.

அதோடு நான் பேப்பரை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். “ஆனா இந்த வயசு வண்டிக்கு இவ்ளோ தகடு மாத்தியிருக்கீங்களே, கடலோரத்துல நிறுத்தறீங்களா?” என்று கேட்டார். என் திமிர் சும்மா இருக்குமா? “கடலோரம்தான் சார். ஆனா நம்ம பராமரிப்பு அப்படி. ஆறு வருஷமா தினமும் கழுவறேன், ஒரு நாள் விட்டதில்ல” என்றேன். எந்தத் தண்ணீர் என்றார். போர் தண்ணீர் என்றேன். நல்ல தண்ணீரா என்றார். “எங்க சார், வாயில வெக்க முடியாது, ஒரே உப்பு. அதான் வேனுக்கு மட்டும் வெச்சிருக்கேன்” என்றேன். சொல்லி முடிக்கும்போதே என் காதில் அது விழுந்துவிட்டது. அவர் பேனாவை மூடி பாக்கெட்டில் செருகினார்.

“துரு தானா வரல, பாய். நீங்கதான் தினமும் தண்ணி ஊத்தி வளத்திருக்கீங்க.”

புது ஸ்டிக்கர்

சாயங்காலம் நாவலூர் ஆபீஸ் வாசலில் எட்டுப் பேரும் வரிசையாக நின்று, நான் இறங்குவதற்குள் முகத்தைப் படிக்கப் பார்த்தார்கள். பேப்பரை எடுத்துக் காட்டினேன். ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை, யாரும் இரண்டு பஸ் மாற வேண்டாம். செக்யூரிட்டி எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கூச்சல் போட்டார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் நாக்கும் அவிழ்ந்துவிட்டது. போர் தண்ணீர் விஷயத்தையும் சொல்லித் தொலைத்தேன். தொழிலே துடைப்பதாக வைத்திருக்கும் எட்டுப் பேர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கஸ்தூரி அக்கா வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், ஸ்டிக்கர் இருந்த இடத்தில் புதுத் தகரத்தை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினார். பிறகு ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்து, காலை நன்றாக ஊன்றி வைத்துக்கொண்டார். வண்டியை எடுத்த பிறகுதான் பின்னாலிருந்து குரல் வந்தது:

“புது ஸ்டிக்கரு ஒண்ணு வாங்கு, பாய். ‘தொடாதே’ன்னு. வெளிய இல்ல, உள்ள ஒட்டு, உனுக்குத் தெரியற மாரி.”

ஆகவே, என் இனத்தாரே, வண்டியில் எங்கெங்கே துரு பிடித்திருக்கிறது என்று விரலை வைத்துத் தேடுவதற்கு முன்னால், தினமும் காலையில் அதன் பக்கத்தில் பக்கெட்டோடு பெருமையாக நிற்பது யார் என்று ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.